கையின் வேகம், காத்திருப்பின் நீளம்

விரைவாக வேலை செய்தால் முன்னேறலாம் என்பது கடைத்தெரு முதல் மேலாண்மைக் கல்லூரி வரை பலரும் ஒப்புக்கொள்ளும் கருத்து. பதறிய காரியம் சிதறும் என்பதையும் அதே பலர் ஒப்புக்கொள்கிறார்கள். வேகம் உண்மையில் வெற்றியைத் தருகிறதா, தருமானால் எந்த வகை வேகம், யாருடைய வெற்றி என்ற கேள்விக்கு ஏறத்தாழ 250 ஆண்டுகளாகப் பொருளியலாளர்களும் பொறியாளர்களும் உளவியலாளர்களும் தொழிற்சங்கத்தாரும் விடை சொல்லி வந்திருக்கிறார்கள். ஒருவர் விடை மற்றவருக்கு எதிராக நிற்பதுபோலத் தோன்றும். பெரும்பாலும் அவர்கள் வேறுவேறு பொருள்களை வேகம் என்ற ஒரே சொல்லால் குறித்திருக்கிறார்கள். கை அசையும் வேகம் ஒன்று. ஒரு வேலை தொடங்கி முடியும் வரை கழியும் காலம் இன்னொன்று. முடிவெடுக்கும் விரைவும் சந்தைக்கு முதலில் வந்து சேர்வதும் வேறு. இவற்றைப் பிரித்துப் பார்த்தால் விவாதத்தின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி எளிதில் தீராது.

கடிகாரத்துக்கு முன்னும் பின்னும்

திருக்குறளில் சோம்பலைக் கடிய மடியின்மை என்று தனி அதிகாரமே இருக்கிறது. ஆனால் வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் வேகத்தைப் பொதுவாகப் புகழவில்லை. ஆற அமரச் செய்ய வேண்டியவை, காலம் தாழ்த்தவே கூடாதவை என்று வினைகளைப் பிரிக்கிறார். உரோமப் பேரரசர் அகஸ்டஸ், நிதானமாக விரையச் சொல்லும் கிரேக்கத் தொடர் ஒன்றை விரும்பிச் சொல்வார் என்று சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். 1500-களின் தொடக்கத்தில் வெனிஸ் நகர அச்சாளர் ஆல்டஸ் மனுட்டியஸ் அந்தக் கருத்தை நங்கூரத்தைச் சுற்றிய டால்பின் சின்னமாக்கித் தன் நூல்களில் பதித்தார். இந்த விடைகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே: எவ்வளவு விரைவது என்பதை வினையின் இயல்பு தீர்மானிக்கிறது.

அந்த அடிப்படை பதினெட்டாம் நூற்றாண்டில் மாறியது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1748-இல் இளம் வணிகர் ஒருவருக்கு எழுதிய அறிவுரையில் காலத்தைப் பணமாகவே எண்ணச் சொன்னார். ஆடம் ஸ்மித் 1776-இல் குண்டூசிப் பட்டறையை எடுத்துக்காட்டினார். பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் நாளொன்றுக்கு 48,000 குண்டூசிகள் செய்யலாம். தனித்தனியே செய்தால் ஆளுக்கு இருபதுகூடத் தேறாது. கை பழகுவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம் மிச்சமாவது, இயந்திரம் கண்டுபிடிக்க வழி பிறப்பது என்று அவர் மூன்று காரணம் சொன்னார். ஆட்களை விரட்டுவது அந்த மூன்றில் இல்லை. அதே நூலில், துண்டுக்கூலி தாராளமாகக் கிடைக்கும் தொழிலாளர்கள் அளவுக்கு மீறி உழைத்துச் சில ஆண்டுகளில் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்றும், லண்டன் தச்சர் ஒருவரின் முழு வலு எட்டு ஆண்டுக்கு மேல் நீடிப்பதில்லை என்று கருதப்படுவதாகவும் எழுதினார். குண்டூசிக் கதையை அறிந்தவர்களில் இந்தத் தச்சரை அறிந்தவர்கள் குறைவு.

வேலையை முடிப்பதைக் கணக்காகக் கொண்ட வாழ்க்கை, மணியைக் கணக்காகக் கொண்ட வாழ்க்கையாக மாறியதை வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன் 1967-இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் விரித்தார். விதைப்பும் அறுப்பும் பால் கறப்பும் தமக்கென்று வேகம் உடையவை. ஆலைக்கு அப்படி இயல்பான வேகம் எதுவும் இல்லை. அதை யாராவது வகுத்தாக வேண்டும். அது யார் என்பதிலிருந்தே பின்னர் வந்த சண்டைகள் பிறந்தன.

டெய்லரும் கில்பிரெத்தும்

வேகத்தை அளவீட்டுக்குள் கொண்டுவந்தவராக அறியப்படுபவர் அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர். அவருடைய வாதத்தின் முகப்பில் எப்போதும் நிற்பது 1899-இல் பெத்லஹேம் எஃகு ஆலையில் நடந்த சம்பவம். முற்றத்தில் குவிந்திருந்த வார்ப்பிரும்புக் கட்டிகளை ரயில் வாகனத்தில் ஏற்ற வேண்டும். ஒரு கட்டி 92 பவுண்டு, ஏறத்தாழ 42 கிலோ. ஓர் ஆள் நாளொன்றுக்கு 12.5 டன் ஏற்றிக்கொண்டிருந்தார். 47 டன் ஏற்ற முடியும் என்று டெய்லர் கணக்கிட்டார். ஷ்மிட் என்று அவர் புனைபெயர் சூட்டிய தொழிலாளி ஏற்றியும் காட்டினார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. வேலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. கூலி உயர்ந்தது 60 சதவீதம்.

டெய்லரைக் கொடூரமான விரட்டல்காரர் என்று ஒதுக்குவது சரியாகாது. அவ்வளவு எடையைத் தூக்குபவர் நாளில் 43 சதவீத நேரம்தான் சுமையோடு இருக்கலாம், மீதி நேரம் ஓய்வு வேண்டும் என்று சொன்னவரும் அவரே. தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதன் காரணத்தையும் நேர்மையாக எழுதினார்: வேகமாகச் செய்து கூடுதலாகச் சம்பாதித்தால் முதலாளி அடுத்த வாரமே துண்டுக்கூலியைக் குறைத்துவிடுகிறார். நிதானமாகச் செய்வது அந்தத் தொழிலாளிக்குச் சோம்பல் அன்று, தற்காப்பு. ஒரு வேலைக்கு இவ்வளவு நேரம் என்று அறிவியல் முறையில் வகுத்துவிட்டால் இந்தச் சண்டை ஓயும் என்று டெய்லர் நம்பினார்.

அந்த அறிவியலிலேயே ஓட்டை இருந்தது. சார்லஸ் ரெகியும் அமேடியோ பெரோனியும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு, ஆலையின் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, கதையின் பல பகுதிகள் பிற்காலத்தில் மெருகேற்றப்பட்டவை என்று காட்டியது. வலுவான சிலரைச் சிறிது நேரம் முழு வேகத்தில் ஏற்றவைத்து, அதை நாள் முழுவதற்கும் பெருக்கி, ஓய்வுக்கும் தாமதத்துக்கும் 40 சதவீதம் கழித்ததே கணக்கின் அடிப்படை. அந்த 40 எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் இல்லை. நிறுத்தற்கடிகாரம் நொடியைத் துல்லியமாகக் காட்டும். நியாயமான வேகம் எது என்பதை ஒரு மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். 1911-இல் மாசசூசெட்ஸின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாடச் சாலையில் கடிகாரத்தோடு ஆள் வந்து நின்றதும் வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் விசாரணை நடத்தியது. பின்னர் ராணுவ நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்களிலேயே நேர அளவீட்டுக்குத் தடை வந்தது.

டெய்லரோடு சேர்த்துப் பேசப்படும் பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியரின் பார்வை உண்மையில் வேறு. கொத்தனார் ஒரு செங்கல்லை வைக்க 18 அசைவுகள் செய்வதைக் கண்ட பிராங்க், அவற்றை ஐந்தாகக் குறைத்தார். குனிந்து கல்லெடுக்க வேண்டாதபடி ஏற்றி இறக்கும் சாரம் அமைத்தார். கலவையின் பதத்தை மாற்றினார். கல்லைத் திருப்பிப் பார்த்து வைக்கும் வேலையை முன்கூட்டியே வேறொருவரிடம் கொடுத்தார். மணிக்கு 120 கல் வைத்தவர் 350 வைத்தார். அந்தக் கொத்தனாரின் கை முன்பைவிட வேகமாக ஓடவில்லை. வீணான அசைவுகள் போயின, அவ்வளவுதான். டெய்லர் கேட்டது இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று. கில்பிரெத் தம்பதியர் கேட்டது இந்த அசைவு எதற்கு என்று. இரண்டாவது கேள்வியே பிற்காலத்தில் கூடுதல் பயன் தந்தது என்று நினைக்க இடமிருக்கிறது.

ஃபோர்டின் கணக்கு

1913-இல் ஹென்றி ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் பொருத்து வரிசை வந்தது. ஒரு மாடல் டி காரின் அடிச்சட்டத்தைப் பொருத்த ஆன 12.5 மணி நேரம் சில மாதங்களில் 93 நிமிடமாகக் குறைந்தது. 1908-இல் 850 டாலருக்கு விற்ற கார் 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது. வேகம் வணிக வெற்றியைத் தரும் என்பவர்களுக்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

அந்தச் சான்றின் மறுபக்கமும் அதே ஆண்டின் பதிவேட்டில் இருக்கிறது. 1913-இல் ஆலையில் ஆட்கள் வந்துபோன விகிதம் 370 சதவீதம். ஓர் இடத்தை நிரப்பி வைக்க ஆண்டுக்கு மூன்று நான்கு பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. வரிசையின் வேகத்தில் நிற்க முடியாமல் வெளியேறிக்கொண்டே இருந்தார்கள். 1914 ஜனவரியில் ஃபோர்டு நாள் கூலியை ஏறத்தாழ இரு மடங்காக்கி ஐந்து டாலர் என்று அறிவித்து, வேலை நாளை ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார். இதைத் தாராள குணம் என்பாரும் கணக்கு என்பாரும் உண்டு. எப்படியானாலும், வேகத்தைத் தாங்கவைக்க அதன் பலனில் ஒரு பங்கைத் தொழிலாளிக்குத் தர வேண்டியிருந்தது என்பதில் ஐயமில்லை. பங்கு தராமல் வேகத்தை மட்டும் பெற முயன்ற இன்னொரு எடுத்துக்காட்டு சோவியத் ஒன்றியத்திலிருந்து. 1935 ஆகஸ்டு இறுதியில் சுரங்கத் தொழிலாளி அலெக்சேய் ஸ்டகானவ் ஒரே ஷிப்டில் 102 டன் நிலக்கரி வெட்டியதாக அறிவிக்கப்பட்டது. முட்டுக் கொடுக்கும் வேலையை உடன் இருந்தவர்கள் செய்ததால் அவர் வெட்டுவதில் மட்டுமே ஈடுபட முடிந்தது என்பது பின்னணிக்குப் போனது. அடுத்த ஆண்டில் மற்ற தொழிலாளர்களுக்கான உற்பத்தி இலக்குகள் உயர்த்தப்பட்டன.

காத்திருப்பைக் குறைத்தவர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் டொயோட்டா ஆலையில் தாய்ச்சி ஓனோ கேள்வியையே திருப்பிப் போட்டார். ஒரு பொருள் ஆலைக்குள் நுழைந்து வெளியேறும் வரையிலான நேரத்தில் மிகச் சிறு பகுதியில்தான் அதன்மீது கை படுகிறது. மீதி நேரம் அது எங்கோ அடுக்கப்பட்டுக் கிடக்கிறது. கையை இரு மடங்கு வேகமாக்கினாலும் அந்தச் சிறு பகுதிதான் சுருங்கும். ஆகவே குறைக்க வேண்டியது கிடப்பு நேரம். தேவைக்கு மேல் உற்பத்தி செய்வதையே ஓனோ மிகப் பெரிய வீணாகக் கருதினார். பிழை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தலாம் என்று விதி செய்தார். வேகத்தைத் தேடிய ஒருவர் நிறுத்தும் அதிகாரத்தைக் கடைசித் தொழிலாளியின் கையில் கொடுத்தது இந்த வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம் என்பது என் மதிப்பீடு.

ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோவின் எடுத்துக்காட்டு இன்னும் தெளிவானது. டொயோட்டாவின் 1,000 டன் அழுத்து இயந்திரத்தில் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆயிற்று. 1969 வாக்கில் அதை முதலில் ஒன்றரை மணியாகவும், பின்பு மூன்றே நிமிடமாகவும் குறைத்தார்கள். யாரையும் ஓடச் சொல்லவில்லை. இயந்திரம் நின்றால்தான் செய்ய முடிந்த வேலை எது, அது ஓடும்போதே செய்து வைத்துக்கொள்ளக் கூடிய வேலை எது என்று பிரித்தார்கள்; இரண்டாவதையெல்லாம் முன்னதாகவே முடித்து வைத்தார்கள்.

இதற்குக் கணித அடிப்படையும் உண்டு. ஓர் அமைப்பில் தேங்கியிருக்கும் வேலைகளின் எண்ணிக்கை, வேலை வந்து சேரும் விகிதத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே கழிக்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது என்று 1961-இல் ஜான் லிட்டில் நிறுவினார். வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரியை எடுத்துக்கொண்டால், ஒரு கவுண்டர் 80 சதவீத நேரம் வேலையில் இருக்கும்போது அங்கே சராசரியாக 4 பேர் இருப்பார்கள். 95 சதவீதம் ஆகும்போது 19 பேர். இடையிலுள்ள அந்த 15 சதவீத ஓய்வை வீண் என்று எண்ணிப் பிடுங்கும் மேலாளர், வரிசையை ஏறத்தாழ ஐந்து மடங்கு நீளமாக்குகிறார். எல்லோரும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகத்தில் கோப்பு நகராமல் கிடப்பதற்கு இது ஒரு விளக்கம். எலியாஹு கோல்ட்ராட் 1984-இல் நாவல் வடிவில் எழுதிய மேலாண்மை நூல் இதன் இன்னொரு முகத்தைப் பரப்பியது: இடுக்கான ஓர் இடம் முழு ஆலையின் வேகத்தையும் தீர்மானிக்கிறது, மற்ற இடங்களில் கூட்டும் வேகம் குவியலைத்தான் கூட்டும்.

இந்த வழி தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை 1998-இல் பெற்ற முதல் இந்திய நிறுவனமாயிற்று. ஆனால் ஆலைக்கு வெளியே இதன் ஆழமான எடுத்துக்காட்டு மதுரையில் இருக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். எந்த ஊரிலும் ஒரே தரத்தில் உணவு விற்கும் அமெரிக்க உணவகச் சங்கிலியின் முறையைக் கண்புரை அறுவைக்குக் கொண்டுவர முடியும் என்று அவர் நினைத்தார். அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போது அடுத்ததில் நோயாளி தயாராகிவிடுவார். நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு மருத்துவர் அடுத்தவரிடம் போவார். மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியதைத் தவிர மற்றவற்றை, கிராமங்களிலிருந்து தேர்ந்து பயிற்சி தரப்பட்ட பெண்கள் செய்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 அறுவைகள் அளவில் செய்ய முடிகிறது. பெருந்தொகையானோருக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ பார்வை கிடைக்கிறது. கண்ணுக்குள் கத்தி இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் எந்த அவசரமும் இல்லை. இரண்டு அறுவைகளுக்கு இடையே கழிந்த நேரம்தான் மறைந்தது.

இந்த நிலைப்பாட்டுக்கும் குறை உண்டு. ஒரே மாதிரியான வேலை திரும்பத் திரும்ப வரும் இடத்தில் இது சிறக்கிறது. கண்புரை அப்படிப்பட்டது, காரணம் தெரியாத காய்ச்சலோடு வரும் நோயாளி அப்படிப்பட்டவர் அல்லர். கிடப்பு நேரத்தோடு தொழிலாளி மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்து வீண் என்று எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. டொயோட்டா முறையைப் பின்பற்றுவதாகச் சொன்ன ஆலைகளில் தொழிற்சங்கங்கள் எழுப்பிய முக்கியமான புகார் அதுவே.

முந்தியவருக்கே சந்தையா?

1988-இல் ஆலோசகர் ஜார்ஜ் ஸ்டாக், காலமே அடுத்த போட்டி ஆயுதம் என்று வாதிட்டார். அவர் காட்டிய சான்று ஹோண்டா, யமஹா மோட்டார் சைக்கிள் போட்டி. 1980-களின் தொடக்கத்தில் 18 மாதங்களில் ஹோண்டா 113 மாடல்களைப் புதிதாக இறக்கியது அல்லது மாற்றியது. யமஹாவால் 37 மாற்றங்களே செய்ய முடிந்தது. யமஹா தோல்வியை ஒப்புக்கொண்டது. அந்தச் சான்று உண்மையானது. ஆனால் வென்றவரின் கதையை மட்டும் எடுத்து விதி செய்வதில் உள்ள பிழை இந்தத் துறை முழுவதும் பரவியிருக்கிறது. பீட்டர் கோல்டரும் ஜெரார்டு டெலிசும் 1993-இல் 50 பொருள் வகைகளில் 500 பிராண்டுகளின் வரலாற்றைப் பழைய ஆவணங்களிலிருந்து தேடினார்கள். முதலில் சந்தைக்கு வந்தவர்களில் 47 சதவீதத்தினர் தோற்றுப்போயிருந்தார்கள். முன்னைய ஆய்வுகள் பிழைத்திருந்த நிறுவனங்களைக் கேட்டு எழுதியவை. செத்தவர்கள் கணக்கிலேயே வரவில்லை. தேடுபொறிகளில் கூகுள் முதலாவது அல்ல என்பதை நினைத்துப் பார்த்தாலே போதும்.

முடிவெடுக்கும் வேகம் பற்றி கேத்லீன் ஐசன்ஹார்ட் 1989-இல் எட்டு மைக்ரோகணினி நிறுவனங்களை ஆராய்ந்து எழுதியது எதிர்பாராதது. வேகமாக முடிவெடுத்தவர்கள் தகவலைக் குறைத்துக்கொண்டவர்கள் அல்லர். மெதுவாக முடிவெடுத்தவர்களைவிட அதிகத் தகவலையும் அதிக மாற்று வழிகளையும் பார்த்தவர்கள். நிறுவனத்தின் அன்றாட நிலவரம் அவர்களுக்கு முன்பே அத்துப்படி என்பதால் நெருக்கடி வந்தபோது தேட வேண்டியிருக்கவில்லை. எட்டு நிறுவனங்கள் என்பது சிறிய மாதிரி. வில்லியம் ஜட்ஜும் அலெக்ஸ் மில்லரும் 1991-இல் வேறு துறைகளோடு ஒப்பிட்டபோது, முடிவின் வேகத்துக்கும் வெற்றிக்கும் உள்ள தொடர்பு, சூழல் விரைந்து மாறும் துறையில் மட்டுமே தெரிந்தது. லெஸ்லி பெர்லோவும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் ஓர் இணைய நிறுவனத்தைப் பின்தொடர்ந்து கண்டது மேலும் கவலை தருவது. ஒருமுறை அவசரமாக எடுத்த முடிவு அடுத்த அவசரத்தை உண்டாக்கியது. வேகமே வேகத்தின் தேவையைப் பெருக்கியது.

தனி ஒருவரின் வேகம்

தனிமனித முன்னேற்றம் பற்றிய நூல்கள் வேகத்தைப் பழக்கமாகக் கற்றுத் தரலாம் என்கின்றன. ஆய்வுகள் இதற்கு ஓரளவே இடம் தருகின்றன. 1897-இலும் 1899-இலும் வில்லியம் பிரையனும் நோபிள் ஹார்ட்டரும் தந்தி இயக்குபவர்கள் கற்கும் விதத்தை ஆராய்ந்தார்கள். புதியவர் எழுத்தெழுத்தாகக் கேட்கிறார், பிறகு சொல் சொல்லாக, கடைசியில் வாக்கியமாக. இடையே மாதக்கணக்கில் வேகம் ஏறாத சமவெளிகள் வருகின்றன. அனுபவசாலி விரைந்து கேட்பவர் அல்லர்; ஒரே கேட்பில் பெரிய துண்டைப் பிடிப்பவர். இந்த முடிவு நிலைத்தால், வேகம் திறமையின் விளைவு. அதையே இலக்காக்கி முதலிலிருந்து விரைபவர் அந்தத் திறமையை அடையாமலே போகலாம். ராபர்ட் உட்வொர்த் 1899-இலும் பால் ஃபிட்ஸ் 1954-இலும் கை அசைவில் கண்டதும் பிழையும் விரைவும் ஒன்றுக்கொன்று விலையாக நிற்பவை என்பதே.

எவ்வளவு நேரம் திறன் குறையாமல் உழைக்கலாம் என்பதை அறியப் பொருளியலாளர் ஜான் பென்கவெல் முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் வெடிமருந்து ஆலைகளின் பதிவுகளை மறுபடி ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி வரை நேரத்துக்கு ஏற்ப உற்பத்தி ஏறுகிறது. அதன்பின் ஏற்றம் தளர்கிறது. 70 மணி உழைத்தவர்களின் உற்பத்தி 56 மணி உழைத்தவர்களுடையதைவிட மிகச் சிறிதளவே கூடுதல். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டு சட்டப்பேரவை நிறைவேற்றி, கடும் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்ட 12 மணி நேர வேலைச் சட்டத் திருத்தம் பற்றிய விவாதத்தில் இந்த வகைச் சான்றுகளுக்கு உரிய இடம் கிடைத்திருக்க வேண்டும்.

விரைவு மனிதரை மாற்றுகிறதா? 1973-இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் துவண்டு கிடந்தார். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதத்தினர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதத்தினர். நாற்பது பேர் மட்டுமே பங்கேற்ற ஆய்வு இது. அதன்மீது பெரிய கட்டடம் எழுப்பக் கூடாது. ராபர்ட் லெவினும் ஆரா நோரென்சயானும் 1999-இல் 31 நாடுகளில் நடை வேகத்தையும் அஞ்சலக ஊழியர் தபால்தலை தரும் வேகத்தையும் பொதுக் கடிகாரங்களின் துல்லியத்தையும் அளந்தார்கள். வேகமான ஊர்களில் செல்வம் அதிகம். இதய நோய் மரணமும் அதிகம். தாம் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னவர்களும் அதிகம். வேகத்தால் செல்வம் வந்ததா, செல்வத்தால் நேரத்தின் மதிப்பு ஏறி வேகம் வந்ததா என்பதை இந்த அளவீடு சொல்லாது.

மிச்சமான நேரம் யாருக்கு?

இந்த விவாதத்தின் மிகப் பலவீனமான பகுதி இதுதான். 1930-இல் ஜான் மேனார்டு கெயின்ஸ், நூறு ஆண்டுகளில் வாரத்துக்கு 15 மணி நேர வேலை போதும் என்று எதிர்பார்த்தார். உற்பத்தித் திறன் அவர் நினைத்தபடி ஏறியது. வேலை நேரம் அப்படிக் குறையவில்லை. 1983-இல் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன், வீட்டு இயந்திரங்கள் வந்த பிறகும் அமெரிக்கத் தாய்மாரின் உழைப்பு குறையாததை விளக்கினார். துவைப்பது எளிதாயிற்று, ஆகவே அடிக்கடி துவைக்க வேண்டியதாயிற்று. வெளியே கொடுத்த வேலைகளும் வீட்டுக்கே திரும்பின.

ஆலைக்குள் இந்தக் கேள்வியை மார்க்ஸ் 1867-இலேயே எழுப்பிவிட்டார். பிரிட்டனில் 1847-இன் பத்து மணிச் சட்டம் நாளைச் சுருக்கியதும், முதலாளிகள் அந்தப் பத்து மணியையே இறுக்கி அதிக உழைப்பைப் பிழிந்தார்கள் என்பது அவர் வாதம். மாக்ஸ் வெபர் காட்டிய எடுத்துக்காட்டு எதிர்த்திசையில் போகிறது. துண்டுக்கூலியை உயர்த்தியபோது ஜெர்மன் அறுவடைக் கூலியாட்கள் முன்பு பெற்ற அதே தொகைக்கு மட்டும் உழைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு வேகத்தின் பயன் கூடுதல் பணமாகத் தெரியவில்லை, கூடுதல் ஓய்வாகத் தெரிந்தது. வெபர் இதைப் பழைய மனப்பாங்கின் தடையாகப் பார்த்தார். அதை ஒரு நியாயமான தேர்வாகவும் பார்க்கலாம். எட்வர்டு லேசியர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கார் கண்ணாடி மாற்றும் நிறுவனமொன்று மணிக்கூலியிலிருந்து துண்டுக்கூலிக்கு மாறியதும் ஆளுக்கான உற்பத்தி 44 சதவீதம் ஏறியது. அதில் ஏறக்குறைய பாதி, இருந்தவர்கள் அதிகம் செய்ததால் வந்தது. மீதியில் பெரும்பங்கு, வேகமானவர்கள் சேர்ந்ததாலும் தங்கியதாலும் வந்தது. மெதுவானவர்கள் எங்கே போனார்கள் என்பதை அந்தக் கணக்கு தொடர்வதில்லை.

திருப்பூர் பின்னலாடைக் கம்பெனிகளில் இந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். கட்டிங், டெய்லர், அயர்ன், செக்கிங், கைமடி என்று ஒவ்வொரு வேலைக்கும் தனி விகிதம். பல இடங்களில் பீஸ் ரேட். ஏற்றுமதி ஆடை ஆலைகளில் ஒவ்வொரு தையலுக்கும் இத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே வகுத்த நேரக் கணக்கு, பிரெடரிக் டெய்லரின் கடிகாரத்துக்கு நேர் வாரிசு. ஆடை கப்பல் ஏறும் நாள் தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும். துணியும் பட்டனும் லேபிளும் வந்து சேர்வதில், வாங்குபவர் மாதிரிக்கு ஒப்புதல் தருவதில் போன நாட்களையெல்லாம் கடைசியில் தையல் மேசையில் உட்கார்ந்திருப்பவரின் கை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. ஓனோவின் பார்வையில் இது தலைகீழான ஏற்பாடு. காத்திருப்பு பிறந்த இடம் ஒன்று, வேகம் கேட்கப்படும் இடம் வேறு.

தீராதவை

இதுவரை திரண்ட சான்றுகளை வைத்துச் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். காத்திருப்பையும் வீண் அசைவையும் மறுவேலையையும் நீக்கி வந்த வேகம், வணிகத்துக்குப் பெரும்பாலும் பயன் தந்திருக்கிறது. தரத்தைக் கெடுக்க வேண்டிய கட்டாயமும் அதில் இல்லை. உடலையோ கவனத்தையோ விரட்டிப் பெற்ற வேகத்தின் பயன் குறுகியது. அதன் விலை பெரும்பாலும் வேறொருவர் கணக்கில் ஏறுகிறது. முதலில் வருவது வெற்றியைத் தருமா என்பதற்குத் துறைக்குத் துறை விடை மாறுகிறது. இவற்றுக்கு அப்பால் நிலம் உறுதியாக இல்லை. சான்றுகளில் பெரும்பகுதி ஆலைகளிலிருந்தும் அமெரிக்க, ஜப்பானிய நிறுவனங்களிலிருந்தும் வந்தது. விவசாயம், வீட்டு வேலை, பராமரிப்பு, கற்பித்தல் ஆகியவற்றில் விரைவு என்பதற்கு என்ன பொருள் என்றே சரியாக வரையறுக்கப்படவில்லை.

மூளை உழைப்பில் வேகத்தை அளப்பது எவ்வளவு கடினம் என்பதைச் செயற்கை நுண்ணறிவு பற்றிய அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. 2023-இல் ஷாகெத் நோயும் விட்னி சாங்கும் வெளியிட்ட சோதனையில், சாட்ஜிபிடி உதவியோடு எழுதியவர்கள் 40 சதவீதம் குறைந்த நேரத்தில் முடித்தார்கள்; தரமும் 18 சதவீதம் உயர்ந்ததாக மதிப்பிடப்பட்டது. 2025-இல் அனுபவமிக்க 16 மென்பொருள் நிரலாளர்கள், தமக்கு நன்கு பழகிய நிரல்களில் 246 வேலைகளைச் செய்த இன்னொரு சோதனையில், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. வேலை முடிந்த பிறகும் தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே அவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். முதல் சோதனையில் தனித்தனியான சிறு எழுத்து வேலைகள்; இரண்டாவதில் ஆண்டுக்கணக்கில் வளர்ந்த பெரிய நிரல்கள். வேலையின் இயல்பா, ஆளின் அனுபவமா, கருவியின் அன்றைய நிலையா, எது இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்பது பிரித்தறியப்படவில்லை. முதல் சோதனையில் மிச்சமான நேரம் எழுதியவர்களுக்கு ஓய்வாகுமா, அடுத்த வேலையாகுமா என்பது அதன் அளவீட்டுக்குள் வரவே இல்லை.